ரெண்டாயிரம் ரூபாயில் ரோபோ: மூளையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "பொண்ணு ஒன்பதாவது, தமிழ் மீடியம். ரோபோ செய்யணும்னு ஒரே பிடிவாதம். ஆன்லைன்ல பார்த்தா கிட் ஒண்ணு ஏழாயிரம், எட்டாயிரம்ங்கறாங்க. தென்னந்தோப்பு வருமானத்துல ரெண்டாயிரத்துக்கு மேல முடியாதுங்க. எதை வாங்கறது, எங்கிருந்து ஆரம்பிக்கறது? அவளுக்கு இங்கிலீஷும் அவ்வளவா வராது."

ரெண்டாயிரம் போதும். ஆனால் அதை எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதலில் மூளையை வாங்குகிறார்கள். ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, அதன் மேல் பத்து சென்சார், கடைசியில் மிச்சமிருக்கும் முப்பது ரூபாய்க்கு ஒரு பேட்டரி. நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். சுவர் இருந்தால்தானே சித்திரம்? ரோபோவுக்குச் சுவர் என்பது அதன் மின்சாரமும் மோட்டாரும்தான்.

போன வருஷம் லீவில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும். வண்ணாமடையிலிருந்து ஒரு பையன் அரிசிப் பையில் சுற்றி ஒரு வண்டியைக் கொண்டு வந்தான். அவன் சித்தப்பா வாங்கிக் கொடுத்த கிட். நாலு மஞ்சள் கியர் மோட்டார், ஆர்டுயினோ யூனோ, மோட்டாருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்298என் என்கிற சிவப்பு டிரைவர் போர்டு, ஒரு சதுர 9 வோல்ட் பேட்டரி. சுவிட்சைப் போட்டால் வண்டி அரை அங்குலம் நகரும், நிற்கும், மறுபடி அரை அங்குலம். "மாமா, கோடு தப்புங்களா?" என்றான். ரெண்டு வாரமாக நிரலை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான், பாவம். நோட்டில் எட்டுப் பக்கம் அடித்தல் திருத்தல்.

நான் நிரலைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரி முனையில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 9.1 வோல்ட். மோட்டார் சுற்ற ஆரம்பித்த நொடியில் 4-க்குக் கீழே சரிந்தது. அந்த மஞ்சள் மோட்டார் ஒவ்வொன்றும் கிளம்பும் கணத்தில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் கேட்கும். நாலு மோட்டாருக்கு நாலு ஆம்பியர். அந்தச் சதுர பேட்டரியின் உள்தடை அதிகம், ஒரு ஆம்பியரைக்கூட ஒழுங்காகத் தர அதனால் முடியாது. வோல்டேஜ் சரிந்ததும் ஆர்டுயினோ அணைந்து மறுபடி எழுகிறது, நிரல் முதல் வரியிலிருந்து ஓடுகிறது, மோட்டார் கிளம்புகிறது, மறுபடி சரிவு. ரெண்டு மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த பேட்டரியின் இடத்தில் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் செல், அதிலும் ஆல்கலைன் வகை, ஆறு போட்டோம். வண்டி திண்ணையிலிருந்து கிளம்பி வாசல்படி வரை போய் முட்டி நின்றது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அதனால் முதல் செலவு மல்டிமீட்டர். இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் டிஜிட்டல் மீட்டர் போதும். எது எவ்வளவு வோல்ட், எந்த வயர் உள்ளே அறுந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் சாமான் அது ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டு கம்பிகளைப் பேட்டரியின் ரெண்டு முனையிலும் நேராக வைக்கக் கூடாது. அது ஷார்ட் செய்வதற்குச் சமம். முதல் ஒரு மாதம் வோல்ட்டும், வயர் அறாமல் இருக்கிறதா என்று தொடர்ச்சி பார்க்கும் பீப் சத்தமும் போதும், ஆம்பியர் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது 25 வாட் சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக் கம்பி. ரெண்டும் சேர்ந்து முந்நூற்றைம்பதுக்குள் முடியும். ஜன்னலோரம் உட்கார்ந்து பற்றவைக்கட்டும், முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும். அப்புறம் மஞ்சள் கியர் மோட்டார் ரெண்டு, சக்கரத்தோடு இருநூறு ரூபாய். நாலு வேண்டாம், ரெண்டே ரெண்டு. மூன்றாவது காலுக்கு ரோல்-ஆன் பாட்டிலில் இருக்கும் பந்து அருமையாக உருளும். அந்த மோட்டாரின் பின்பக்கம் வயர் பற்றவைக்கும் செம்புத் தகடு மிக மெல்லியது, ரெண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். பற்றவைத்த உடனே வயரை மோட்டார் உடம்போடு சேர்த்து நூலால் கட்டிவிடச் சொல்லுங்கள். என்னிடம் வருகிற செத்த மோட்டார்களில் பாதி இந்தத் தகடு ஒடிந்ததால் செத்தவை.

உடம்புக்கு அக்ரிலிக் தட்டு வாங்க வேண்டியதே இல்லை. பாக்குமட்டைத் தட்டு கத்திக்கு வெட்டுப்படும், ஸ்க்ரூ பிடிக்கும், எடையும் கிடையாது.

இப்போது முதல் ரோபோ. இதில் ஆர்டுயினோ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. ஆனால் டார்ச் அடித்தால் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு ஓடி வரும்.

வேண்டியவை: வெளிச்சம் பட்டால் தடை குறைகிற எல்டிஆர் ரெண்டு, சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் டிஐபி122 டிரான்சிஸ்டர் ரெண்டு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு, திருகினால் தடை மாறுகிற 10 கிலோ ஓம் ப்ரீசெட் ரெண்டு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற 1என்4007 டயோடு ரெண்டு, நாலு பென்சில் செல் பிடிக்கும் பெட்டி ஒன்று. பெட்டியையும் செல்லையும் சேர்த்தாலும் இருநூறு ரூபாயைத் தாண்டாது.

டிரான்சிஸ்டரின் எழுத்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே தொங்கப் பிடித்தால், இடது கால் பேஸ், நடுக்கால் கலெக்டர், வலது கால் எமிட்டர். எமிட்டர் செல்லின் மைனஸுக்குப் போகும். மோட்டாரின் ஒரு முனை பிளஸுக்கு, மறுமுனை கலெக்டருக்கு. எல்டிஆரின் ஒரு கால் பிளஸில், மறுகால் 1 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு. பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் ப்ரீசெட். டயோடு மோட்டாரின் ரெண்டு முனைக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் பார்த்து. இதேபோல இன்னொரு செட். டிரான்சிஸ்டர் முதுகில் இருக்கும் உலோகத் தகடும் கலெக்டர்தான். ரெண்டு தகடும் ஒன்றையொன்று தொட்டால் ரெண்டு மோட்டாரும் எப்போதும் சேர்ந்தே ஓடும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வாள்.

விஷயம் ஒன்றில்தான்: இடது கண்ணை வலது மோட்டாரோடு சேர்க்க வேண்டும், வலது கண்ணை இடது மோட்டாரோடு. டார்ச் இடது பக்கம் இருந்தால் இடது எல்டிஆரின் தடை குறையும், வலது மோட்டார் வேகமெடுக்கும், வண்டி இடது பக்கம், அதாவது வெளிச்சத்தை நோக்கித் திரும்பும். வயரை நேர் பக்கத்துக்கு மாற்றிப் போட்டால் அதே வண்டி வெளிச்சத்தைக் கண்டு விலகி ஓடும். ப்ரீசெட்டைத் திருகித் திருகி, அறை வெளிச்சத்தில் சும்மா நின்று டார்ச் பட்டால் மட்டும் கிளம்பும் இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். போகட்டும். உணர்வது, முடிவெடுப்பது, அசைவது என்கிற மூன்றும் அந்த வயரில் அவள் கண்ணெதிரே நடக்கிறது. பின்னால் ஆர்டுயினோ வந்து நடுவில் உட்காரும்போது அது எதற்கு வந்திருக்கிறது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இது விளையாட்டுச் சாமான்தானே என்று நினைக்காதீர்கள். 1948, 49 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் கிரே வால்டர் என்கிற மூளை ஆராய்ச்சியாளர் எல்மர், எல்சி என்று ரெண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் ரெண்டே ரெண்டு ரேடியோ வால்வு, ஒரு வெளிச்சக் கண், மேலே மூடியிருந்த ஓடு எதிலாவது முட்டினால் தெரிவிக்கும் ஒரு தொடு சுவிட்ச். நிரல் என்று எதுவும் இல்லாமலே அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, முட்டினால் விலகிப் போயின. பார்த்தவர்களுக்கு உயிருள்ள பிராணியைப் பார்த்த மாதிரி இருந்திருக்கிறது. உங்கள் மகள் செய்யப்போவது அந்த வம்சத்து வண்டி.

இதுவரை ஆயிரம் ரூபாய். மீதி ஆயிரத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு விசாரணை செய்யுங்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆட்கள் பலர் கோவை, பொள்ளாச்சி கோச்சிங் சென்டர்களைத்தான் விசாரிக்கிறோமே தவிர, கேரளத்து அரசுப் பள்ளியில் இருப்பதைக் கேட்பதில்லை. லிட்டில் கைட்ஸ் என்று மாணவர்களுக்கான ஒரு கம்ப்யூட்டர் சங்கம் 2018 முதல் இருக்கிறது. 2022 கடைசியில் பள்ளிகளுக்குத் தரத் தொடங்கிய ரோபாட்டிக்ஸ் கிட்டில் ஆர்டுயினோ யூனோ, சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் சின்ன சர்வோ மோட்டார், எல்டிஆர், அகச்சிவப்பு ஒளியால் பார்க்கும் ஐஆர் சென்சார், பசர், பற்றவைக்காமலே சர்க்யூட் போட்டுப் பார்க்கும் பிரெட்போர்டு எல்லாம் இருக்கின்றன. 2025 முதல் பத்தாம் வகுப்பில் ஐசிடி என்கிற கம்ப்யூட்டர் பாடத்திலேயே ரோபாட்டிக்ஸ் வந்துவிட்டது, சங்கத்தில் இல்லாத பிள்ளைகளுக்கும் சேர்த்து. பொறுப்பாசிரியரிடம் போய், "டீச்சர், பொண்ணு வீட்டுல இந்த வண்டியைச் செஞ்சிருக்கா, ஸ்கூல் போர்டுல ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுங்களா?" என்று கேளுங்கள். கையில் ஓடுகிற வண்டியோடு போகிற பிள்ளையை எந்த டீச்சரும் திருப்பி அனுப்ப மாட்டார். மூளை பள்ளியில் கிடைக்கும். சக்கரமும் செல்லும் உங்கள் வீட்டில் இருக்கும். நான் வரிசையைத் தலைகீழாக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

சொந்தமாக ஒரு போர்டு வேண்டும் என்றால் ஆர்டுயினோ நானோ வகையில் இருநூற்றைம்பது, முந்நூறு ரூபாய் நகல் போர்டு வாங்குங்கள். நகல் என்றால் திருட்டு என்று நினைக்க வேண்டாம். 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் மாணவர்களுக்காக ஆர்டுயினோவைத் தொடங்கியபோதே வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். நகல் மேல் ஆர்டுயினோ என்ற பெயரைப் போட்டு விற்பதுதான் தப்பு.

நகல் போர்டில் பெரும்பாலும் யுஎஸ்பி வேலையைச் செய்வது சிஎச்340 என்கிற சிப். விண்டோஸ் கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதற்கான டிரைவர் மென்பொருளைப் போட வேண்டும். பள்ளியில் பழகுகிற லினக்ஸில் அந்த மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் உபுண்டு 22.04 என்கிற லினக்ஸ் வகையில் ஒரு சிக்கல் உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்கிற மென்பொருள் இந்த சிப்பைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். அதை நீக்கிவிட்டால் போர்டு தெரியும். நிரல் ஏற்றும்போது மட்டும் பிழை வந்தால், மெனுவில் புராசசர் என்ற இடத்தில் பழைய பூட்லோடர் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். "போர்டு செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்த நானோக்களில் பல இந்த ஒரு மாற்றத்தில் பிழைத்திருக்கின்றன. லேப்டாப் ரொம்பப் பழசு என்றால் ஆர்டுயினோ மென்பொருளின் 1.8 வரிசையைப் போடுங்கள், 2-ஆம் வரிசையைவிட இலகுவாக ஓடும்.

மோட்டார் டிரைவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்டுயினோவின் ஒரு பின்னில், அதாவது வயர் மாட்டும் ஒரு காலில், நிம்மதியாக எடுக்கக்கூடியது 20 மில்லிஆம்பியர். மோட்டாருக்கு வேண்டியது அதைப்போலப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு. அதனால் மோட்டாரை நேராகப் பின்னில் மாட்டவே கூடாது, நடுவில் ஒரு டிரைவர் வேண்டும். எல்லாக் கிட்டிலும் வருவது எல்298என். அது பழைய வகை, உள்ளேயே கிட்டத்தட்ட 2 வோல்ட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 4 தான் போய்ச் சேரும். டிபி6612 என்று கட்டைவிரல் அளவில் ஒரு போர்டு, நூற்றைம்பது இருநூறு ரூபாய், மோட்டாருக்கு 1.2 ஆம்பியர் வரை தொடர்ந்து தரும், வோல்டேஜை விழுங்காது. சின்ன வண்டிக்கு அதுதான் என் தேர்வு.

இந்தக் கட்டத்தில் பென்சில் செல் ஆறு வேண்டும். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் என்றால் ஒன்று 1.2 வோல்ட், ஆறு சேர்ந்து 7.2. அதே பெட்டியிலிருந்து நானோ மின்சாரம் வாங்கும் விஐஎன் பின்னுக்கும் டிரைவருக்கும் கொடுக்கலாம். மோட்டார் 6 வோல்ட்டுக்கு உரியது என்பதால், நிரலில் வேகத்தை முழு வேகமான 255-க்குப் பதில் 170-க்கு மேல் போகாமல் வைத்தால் சராசரியாக 4.8 வோல்ட் போகும், மோட்டார் நீண்ட நாள் உழைக்கும். சார்ஜ் செல்லும் சார்ஜரும் சேர்ந்தால் ரெண்டாயிரத்தைத் தாண்டும், அதை மறைக்க விரும்பவில்லை. முதலில் ஆல்கலைன் செல் போட்டு ஓட்டுங்கள். ஆறு புதுச் செல் 9 வோல்ட் வரும் என்பதால் வேகம் 140-ஐத் தாண்ட வேண்டாம். அடுத்த தேங்காய் வெட்டுக்கு சார்ஜ் செல் வாங்கிக்கொள்ளலாம்.

லேப்டாப்பிலிருந்து கழற்றிய 18650 லித்தியம் செல்லை ஆக்கிரிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், மலிவாகக் கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தனியாக வேலை செய்யும் மேஜையில் அது வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், அளவுக்கு மீறி வற்றினால் கெடும், 4.2-க்கு மேல் சார்ஜ் ஏற்றினால் ஆபத்து. 9800 எம்ஏஎச் கொள்ளளவு என்று அச்சடித்து விற்கிற செல் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். அந்த அளவில் நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் வரும்.

ஆனால் ஆக்கிரிக் கடைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய பிரிண்டர் ஒன்று எடைக்குக் கிடைத்தால் உள்ளே மோட்டார், கியர், வழவழப்பான இரும்புத் தண்டு, ஸ்பிரிங் என்று ஒரு கடையே இருக்கும். டிவிடி டிரைவில் தட்டை வெளியே தள்ளும் குட்டி மோட்டார் இருக்கிறது. பிரித்துப் பார்ப்பதே ஒரு வகுப்பு. மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய பெட்டி டிவியையும் மட்டும் திறக்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிரை எடுக்கும் மின்சாரம் அவற்றில் தங்கியிருக்கலாம்.

சென்சாரில் முதலில் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது முட்டித் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்தால், 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப சுமார் 1750 மைக்ரோ நொடி. அந்த எண்ணை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். 343 என்பது 20 டிகிரி குளிருக்கான கணக்கு. ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு மதியத்தில், 38 டிகிரியில், ஒலி 354 மீட்டர் போகும், அதனால் 30 என்பது 29 என்று காட்டும். ஸ்கேலை வைத்து அளந்து, காலையிலும் மதியத்திலும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த ஒலியின் வேகம் வீட்டு முற்றத்தில் கையில் கிடைக்கிற சந்தர்ப்பம் அது. தொங்குகிற சேலை, சாய்ந்த பலகை ரெண்டையும் இந்த சென்சார் சரியாகப் பார்க்காது. தரையில் போட்ட கோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டும் ஐஆர் சென்சார் என்றால் வெயில் படாத இடத்தில் ஓட்டுங்கள், வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் கறுப்புக் கோடும் வெள்ளைத் தரையும் அதற்கு ஒன்றாகிவிடும்.

சர்வோ மோட்டார் வாங்கினால் அதன் சிவப்பு வயரை நானோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காமல் தனியாக நாலு செல்லிலிருந்து கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது ரெண்டு பெட்டியின் மைனஸையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சர்வோ சொன்னதைக் கேட்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஆங்கிலம் பற்றி: பயப்பட வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய சொற்கள் பதினைந்துதான். பின்மோட், டிஜிட்டல்ரைட், அனலாக்ரீட், டிலே, இஃப், எல்ஸ், இந்த மாதிரி. ஒரு நோட்டில் இடது பக்கம் அந்தச் சொல்லையும் வலது பக்கம் அது என்ன செய்யும் என்று அவள் தமிழில் எழுதியதையும் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் திண்ணைக்கு வரும் பிள்ளைகள் அப்படித்தான் கற்றார்கள், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு எந்த வகையிலும் குறைந்து போகவில்லை. கட்டங்களை அடுக்கி நிரல் செய்யும் ஸ்க்ராட்சைப் பள்ளியில் பழகியிருந்தால் 'திரும்பத் திரும்பச் செய்', 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்கிற யோசனை ஏற்கெனவே வந்திருக்கும். நெட் கிடைக்கும் நாளில் டிங்கர்கேட் தளத்தில் சர்க்யூட்டை இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம், அங்கே எது புகைந்தாலும் காசு போகாது.

இந்தச் சனிக்கிழமை மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், மோட்டார், அந்த வெளிச்ச வண்டிக்கான சில்லறைச் சாமான், இவ்வளவு மட்டும் வாங்குங்கள். கோவை போகும் வேலை இருந்தால் கடையில் நேரில் பார்த்து வாங்குவது நல்லது, கூரியர் செலவு மிச்சம். வண்டி ஓடியதும், மோட்டார் சுற்றும்போது செல் பெட்டியின் முனையில் எத்தனை வோல்ட், கையால் சக்கரத்தை லேசாகப் பிடித்தால் எத்தனை என்று அவளையே அளந்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த கேள்வியை அந்த ரெண்டு எண்ணோடு அனுப்புங்கள். நானோ வாங்கும் நேரம் வந்துவிட்டதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.